நாய்க்குட்டி ஒன்றைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுதல் தொடர்பாக

அன்பும் பண்பும் நிறைந்த மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் அக்காவின் கணவர் எழுதுவது. இங்கு நானும் தங்கள் அக்காவும் நலம். தரை நலமில்லை. தாங்களும் தங்கள் துணைவியாரும் தங்கள் வீட்டுக் காய்ந்த தரையும் என்றும் குறைவின்றி இருக்க வேண்டுகிறேன்.

பொருள்: நாய்க்குட்டி – எண்ணிக்கை ஒன்று – கொடுத்தவரே திரும்பப் பெற்றுக்கொள்ளுதல் – தொடர்பாக.

பார்வை: ஆறு வாரங்களுக்கு முன் எங்கள் வீட்டு வாசலில், ஒரு காலைச் செருப்பில் நுழைத்தபடி தாங்கள் வாய்மொழியாக அளித்த உறுதி: "மூணே நாள்ல பழகிடும் அத்தான்."

மேற்படி பொருள் தொடர்பாகத் தங்களை நான்கு முறை போனில் அழைத்தேன். நான்கு முறையும் போனை எடுத்த தங்கள் துணைவியார், தாங்கள் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். அப்படியானால் அவர் பின்சீட்டில் இருந்திருக்க வேண்டும். பின்னணியில் மிக்ஸி ஓடும் சத்தமும் கேட்டது. அதையும் வண்டியிலேயே பொருத்திவிட்டீர்கள் போலிருக்கிறது. ஆகவே எழுத்தில் தருகிறேன். முப்பத்துமூன்று வருடம் அலுவலக மேலாளராக இருந்தவன் நான். வாயால் சொன்னது காற்றோடு போகும், தாளில் எழுதியது கோப்பில் நிற்கும். சுருக்கமாகச் சொன்னால், வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குள் தாங்கள் நேரில் வந்து, தாங்கள் கொடுத்த நாய்க்குட்டியைத் தாங்களே எடுத்துச் செல்ல வேண்டும். இந்தக் கெடு நான் விதித்தது அல்ல, தங்கள் அக்கா விதித்தது. எனவே மேல்முறையீட்டுக்கு இடமில்லை.

நான் ஓய்வுபெற்ற மறுநாள் தாங்கள் ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தீர்கள். பெட்டியின் மேல் தங்கள் கம்பெனியின் தரை துடைக்கும் திரவத்தின் படம் போட்டிருந்தது. வழக்கம்போல மாதிரி பாட்டில்தான் கொண்டு வந்திருக்கிறீர்கள் என்று நினைத்துத் திறந்தேன். உள்ளே இரண்டு காது, நடுவில் ஒரு மூக்கு. "சும்மா உட்கார்ந்திருந்தா மனுஷனுக்குத் துரு பிடிச்சிடும் அத்தான். உங்களுக்கு ஒரு துணை வேணும்," என்றீர்கள். தங்கள் அக்கா தையல் அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள், சோபாவில் இருந்த என்னைப் பார்த்தாள். "வீட்டுல உட்கார்ந்திருக்கிற ஒருத்தரையே எங்க வெக்கிறதுன்னு தெரியலை, இதுல இன்னொண்ணா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். தாங்கள் படியிறங்கி முடிப்பதற்குள், அந்தத் துணை என் ஓய்வூதியப் படிவங்கள் இருந்த பையின் மேல் தன் முதல் கடமையை ஆற்றிவிட்டது.

எங்கள் வீடு இரண்டாவது மாடி என்பது தங்களுக்குத் தெரியும். முப்பத்தெட்டுப் படி என்பது தெரிந்திருக்காது, ஏனென்றால் தாங்கள் எண்ணியிருக்க மாட்டீர்கள், நான் எண்ணியிருக்கிறேன். கட்டடத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி, அதையொட்டி ஒரு மரம். குட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கி மரத்தடியில் விட்டால், அது மரத்தைச் சுற்றும், எறும்பைப் பார்க்கும், வானத்தைப் பார்க்கும், கடைசியில் என்னைப் பார்க்கும். போக மட்டும் போகாது. அரை மணி நேரம் நின்று முட்டி வலித்து, மறுபடி தூக்கிக்கொண்டு முப்பத்தெட்டுப் படி ஏறி, கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டதும் அது பெருமூச்சு விட்டு, கால்மிதியின் மேல் நிம்மதியாக உட்காரும். நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் வாலைக் குழைத்துக்கொண்டு கண்ட இடத்துக்குப் போகும் என்பார்கள். பெரியவர்கள் பாதிதான் பார்த்திருக்கிறார்கள். இது எங்கேயும் போவதில்லை, எல்லாம் நடுவீட்டிலேயே.

முதல் வாரம் முழுக்க நான் துடைத்தேன். தங்கள் கம்பெனித் திரவம் என்பதால் தாராளமாகவே ஊற்றித் துடைத்தேன். எலுமிச்சை வாசனை, பாட்டிலில் எழுதியிருந்தபடியே, நாள் முழுக்க நின்றது. நாலாம் நாள்தான் எனக்கு உறைத்தது. எங்கெல்லாம் எலுமிச்சை வாசனை வருகிறதோ அதெல்லாம் தன்னுடைய கழிப்பறை என்று குட்டி முடிவு கட்டிவிட்டது. நான் துடைக்கத் துடைக்க அதற்கு இடம் பெருகிக்கொண்டே போனது. ஆறு பாட்டில் தீர்ந்தது. ஒரு வீட்டுக்கு ஒரு நாய்க்குட்டி கொடுத்தால் எத்தனை பாட்டில் ஓடும் என்று உங்கள் கம்பெனிக் கூட்டத்தில் யாராவது கணக்குப் போட்டார்களா என்று கேட்கத் தோன்றுகிறது. சொந்த மைத்துனரைச் சந்தேகப்படக் கூடாது என்று அடக்கிக்கொள்கிறேன்.

பிறகு கால்நடை மருத்துவர் சொன்னபடி செய்தித்தாளுக்கு மாறினேன். தரையில் தாளை விரித்து வைக்க வேண்டும், குட்டி அதன் மேல் போனால் தட்டிக்கொடுக்க வேண்டும். ஒன்பது நாள் பாடுபட்டேன். பத்தாம் நாள் விரித்த தாளைக் கண்டாலே ஓடிப்போய் உட்கார ஆரம்பித்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் இது தையற்காரி வீடு என்பதை மருத்துவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. உங்கள் அக்கா எந்த உடுப்பையும் முதலில் செய்தித்தாளில் அளவு போட்டு வெட்டி, அந்தத் தாளைத் துணியின் மேல் விரித்து, தரையில் மண்டியிட்டுத்தான் கத்தரிப்பாள். அன்றைக்கு மேடையில் பாடும் பெண் ஒருவரின் கவுனுக்காக நாலு மீட்டர் வெள்ளை சாட்டின் துணியை விரித்து, அதன் மேல் முன்பக்கம், பின்பக்கம், கை, கழுத்து என்று தாள்களைப் பரப்பி, குண்டூசி எடுக்க எழுந்து போயிருக்கிறாள். திரும்பி வந்தபோது குட்டி முன்பக்கத்தின் மேல் ஒன்றுக்கும், பின்பக்கத்தின் மேல் இரண்டுக்கும் போய்விட்டு, தட்டிக்கொடுப்பதற்காக வாலை ஆட்டிக்கொண்டு காத்திருந்தது. பழக்கின வேலையைத்தானே அது செய்தது என்று நான் எடுத்துச் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம்.

உங்கள் அக்கா சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "இந்த மாசம் கடைசி ஞாயித்துக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். அன்னிக்கு வீட்டுக்குள்ள ஈரம் இருந்துச்சுன்னா குட்டி என் தம்பி வீட்டுக்குப் போகும். கூடவே நீங்களும் போறதுன்னா தாராளமா போங்க." புதிதாகத் துணி வாங்கி வந்து முதலிலிருந்து வெட்டினாள். அந்த இரண்டு நாளும் வீட்டில் தையல் இயந்திரம் மட்டும்தான் பேசியது.

அப்போதுதான் எனக்கு மணியின் ஞாபகம் வந்தது. மணி என்றால் என் அலுவலக மேசை மணி. தலையில் ஒரு குமிழ். உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினால் டிங் என்று கட்டடத்தின் கடைசி அறை வரை போகும். ஒரு டிங் என்றால் பியூன், இரண்டு என்றால் தட்டச்சர், மூன்று என்றால் எல்லோரும். முப்பத்துமூன்று வருடம் நான் யாரையும் வாயால் கூப்பிட்டதே இல்லை. பிரிவு உபசார விழாவில் அந்த மணியையே மரப்பலகையில் பதித்து, "இவரின்றி இது ஒலியாது" என்று எழுதி எனக்கே கொடுத்துவிட்டார்கள். அலுவலகச் சொத்தாயிற்றே என்று நான் தயங்கினேன். "இருக்கட்டும் சார், நீங்களே வெச்சுக்கோங்க, நீங்களே வெச்சுக்கோங்க," என்று ஊழியர்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். என் கண் கலங்கிவிட்டது. ஓய்வுபெற்ற முதல் நாள் வீட்டில் டீ வேண்டும் என்று அதை ஒரு தட்டுத் தட்டினேன். உங்கள் அக்கா வந்து மணியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அடுப்படி எந்தப் பக்கம் என்று கையைக் காட்டிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து அது அலமாரியில் கிடந்தது.

அதை எடுத்துத் தூசி தட்டினேன். ஒரு கையில் குட்டி, ஒரு கையில் மணி, சட்டைப்பையில் பிஸ்கட். மரத்தடியில் அது உட்காருகிற நொடியில் ஒரு டிங், உடனே ஒரு பிஸ்கட். கீழ்வீட்டுக் குழந்தைகள் ஐஸ் வண்டி என்று நினைத்து இரண்டு முறை ஓடி வந்து ஏமாந்து போனார்கள். நான் அசரவில்லை. பன்னிரண்டு நாள். பதின்மூன்றாம் நாள் காலை மரத்தடியில் மணியை ஒரு தட்டுத் தட்டினேன். குட்டி அந்தக் கணமே உட்கார்ந்து வேலையை முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தது. காரணம் கேட்கவில்லை, நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லவில்லை, மருத்துவ விடுப்பு போடவில்லை. இப்படி ஓர் ஊழியர் எனக்கு வாய்த்ததே இல்லை. உங்களுக்குப் போன் செய்து பெருமையடித்தேனே, அது அன்றைக்குத்தான். அந்த ஒரு முறை மட்டும் நீங்கள் வண்டி ஓட்டவில்லை.

ஆனால் பாருங்கள், குட்டி கற்றுக்கொண்டது மணியை மட்டும்தான், மரத்தை அல்ல. நம் வீட்டில் எத்தனை டிங் இருக்கிறது என்பது அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மைக்ரோவேவில் பால் சுடவைத்தால் டிங்: அடுப்படியில் ஈரம். தெருவில் சைக்கிள் போனால் டிங்: ஜன்னலடியில் ஈரம். தையல் வாடிக்கையாளர் வந்து அழைப்பு மணியை அழுத்தினால் டிங்: கதவைத் திறப்பதற்குள் வாசலில் வரவேற்பு முடிந்திருக்கும். நீங்கள் என் போனுக்கு அனுப்புகிற காலை வணக்கப் பூப்படம் கூட டிங் என்றுதான் வந்து சேருகிறது. உங்கள் நல்வாழ்த்தை நான் தினமும் துடைத்துக்கொண்டிருக்கிறேன். "உங்க ஸ்டாஃப் சோபாவுக்குப் பின்னாடி வேலையை முடிச்சிருக்கார், போய்க் கையெழுத்துப் போட்டுட்டு வாங்க," என்று உங்கள் அக்கா தையல் அறையிலிருந்தே சொல்வாள். "நல்லாத்தான் பழக்கியிருக்கீங்க. நாயைக் குழாய் ஆக்கியிருக்கீங்க. தட்டினா வருது." குறை நாயில்தான், மணியில் இல்லை என்று நான் சாதித்தேன். அந்த மணி முப்பத்துமூன்று வருடம் பிசகாமல் வேலை வாங்கிய மணி.

நேற்றுத் திங்கட்கிழமை என் பழைய பியூன் ஓய்வூதியத் தாளில் கையெழுத்து வாங்க வீட்டுக்கு வந்தார். அலுவலகத்தில் அவருக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். முதல் டிங் அடங்குவதற்குள் என் மேசை முன்னால் நிற்பார். சொன்னதைக் கேட்டுக்கொண்டு வந்த வேகத்திலேயே வெளியே ஓடுவார். அந்தப் பெயரை நான்தான் வைத்தேன், பாராட்டாகத்தான் வைத்தேன். உட்காரச் சொன்னதற்கு, சோபாவின் விளிம்பில் நாலு விரல் இடத்தில் உட்கார்ந்தார். உங்கள் அக்கா தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். நான் குட்டியின் கீழ்ப்படியாமையைப் பற்றி எல்லாம் சொன்னேன். அவர் மேசை மேல் இருந்த மணியையே பார்த்துக்கொண்டிருந்தார். பழைய ஆளைப் பார்த்த ஞாபகத்தில் என் கை தானாகப் போய் அதை ஒரு தட்டுத் தட்டிவிட்டது.

எக்ஸ்பிரஸ் "சார்" என்று துள்ளி எழுந்து நின்றார். கையிலிருந்த தம்ளர் தரையில் உருண்டது. அவருடைய இடது காலின் ஓரமாகக் குட்டியும் உட்கார்ந்து எழுந்தது. சத்தம் கேட்டு உங்கள் அக்கா வந்து பார்த்தபோது, நாய் ஒரு பக்கம், மனிதர் ஒரு பக்கம், நடுவில் இரண்டு குளம். "இதுல எது தண்ணி?" என்று கேட்டாள். நான் குட்டியை அதட்ட வாயெடுத்தேன். எக்ஸ்பிரஸ் குறுக்கே கையை நீட்டினார்.

"அதைத் திட்டாதீங்க சார். அது மேல தப்பில்லை. எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு."

"எப்படி இருந்துச்சு?"

"இந்த மணி கேட்டாலே எனக்கு ஒண்ணுக்கு வந்துரும் சார். முதல் நாள்ல இருந்தே. ஓடி வந்து நீங்க சொல்றதைக் கேட்டுக்கிட்டு, அப்படியே பாத்ரூமுக்கு ஓடுவேன். நீங்க எக்ஸ்பிரஸ்னு பேர் வெச்சிட்டீங்க."

உங்கள் அக்கா அவர் பக்கம் திரும்பினாள். "அப்புறம் எதுக்குங்க அதைப் பலகையில எல்லாம் வெச்சு இவர்கிட்டயே கொடுத்தீங்க?" என்று கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார், குட்டியைப் பார்த்தார், குட்டிக்கே தைரியம் வந்துவிட்ட பிறகு நமக்கென்ன என்று நினைத்தாரோ என்னவோ, சொல்லிவிட்டார்: "அடுத்து வர்ற சார் கையில கிடைச்சிடக் கூடாதுன்னு எல்லாரும் கூடிப் பேசி முடிவு பண்ணினதும்மா."

உங்கள் அக்கா சிரித்தாள். கழுத்தில் அளவு நாடாவோடு சோபாவின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். நான் ஓய்வுபெற்ற பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எக்ஸ்பிரஸும் மெதுவாகச் சிரித்தார். குட்டி எல்லோரையும் பார்த்து வாலை ஆட்டியது. நான் மட்டும் துணியை எடுத்து இரண்டு குளத்தையும் துடைத்தேன். எனக்கு வலித்தது, மாப்பிள்ளை. மறைக்காமல் எழுதுகிறேன். அந்த ஒரே குரலில் சொன்ன "நீங்களே வெச்சுக்கோங்க"வை நான் ஆறு வாரமாக மனதுக்குள் போட்டுப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இத்தனைக்கும் காரணம் யார்? நீதான். வேலியில போன ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டதே நீதான். குட்டி வரலைன்னா மணி அலமாரியில கிடந்திருக்கும். மணி அலமாரியில கிடந்திருந்தா எக்ஸ்பிரஸ் வந்து, தண்ணி குடிச்சிட்டு, கும்பிட்டுட்டு போயிருப்பார். நான் சாகிற வரைக்கும் நல்ல மேலாளராவே இருந்திருப்பேன். உனக்கு என்ன, பெட்டியைத் தலையில கட்டிட்டுச் செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டே. மூணே நாளாம். ஞாயித்துக்கிழமை வா. வந்து எடுத்துட்டுப் போ. அது தூங்கும்போது என் வலது கால் செருப்பின் மேல் தலை வைத்துக்கொள்ளும் என்பதையெல்லாம் நான் இங்கே எழுதப்போவதில்லை, அது பொருளுக்குத் தொடர்பில்லாதது. செருப்பையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறேன்.

மேலே 'நீ' என்று வந்துவிட்ட இடங்களிலெல்லாம் 'தாங்கள்' என்று திருத்திப் படித்துக்கொள்ளவும். அடித்து எழுதினால் தாள் அசிங்கமாகிவிடும்; ஏற்கெனவே ஒரு மூலையில் ஈரம் பட்டிருக்கிறது.

தங்கள் துணைவியாருக்கு என் அன்பைச் சொல்லவும். தங்களுக்குத் தொழிலில் மேன்மையும், எல்லா நலமும், எப்போது அழைத்தாலும் போனை எடுக்கும் நற்குணமும் கிட்ட என் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் அக்கா கணவர்
(அலுவலக மேலாளர், ஓய்வு)

பின்குறிப்பு: இன்று புதன்கிழமை. உறையில் போட்டு ஒட்டுவதற்கு முன் இதைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. எக்ஸ்பிரஸ் போனதும் தங்கள் அக்கா மணியை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அழைப்பு மணியின் ஒயரைப் பிடுங்கினாள். என் போனை வாங்கி ஊமையாக்கினாள். இன்று காலை குட்டி கதவருகே போய் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தது. என் கை பழக்கத்தில் மேசையைத் தட்டியது, வெறும் மேசை. வேறு வழி தெரியாமல், "கீழே போகலாமா?" என்று கேட்டேன். ஒருவரைக் கூப்பிடுவதற்கு நான் கேள்வியாகக் கேட்டது இதுதான் முதல் தடவை. அது முப்பத்தெட்டுப் படியையும் தானே இறங்கி ஓடியது. பின்னால் ஓடியவன் நான். மரத்தடியில், மணியும் இல்லாமல் பிஸ்கட்டும் இல்லாமல், ஒன்றும் ஆயிற்று, இரண்டும் ஆயிற்று. மேலே வந்து தங்கள் அக்காவிடம் சொன்னேன். "குட்டிக்கு இன்னும் மூணு நாள் போதும், பழகிடும்," என்றாள். "உங்களுக்குத்தான் எத்தனை நாள் ஆகும்னு தெரியலை." பிறகு அவளே டீ போட்டுக் கொண்டு வந்தாள். நான் கூப்பிடவில்லை.

ஆகவே மேலே பொருள் என்ற இடத்தில் 'நாய்க்குட்டி' என்பதை அடித்துவிட்டு 'மேசை மணி' என்று திருத்திப் படிக்கவும். ஞாயிற்றுக்கிழமை அவசியம் வந்து அதை எடுத்துச் செல்லவும். கதவைக் கையால் தட்டவும். படியில் இறங்கும்போது ஒலித்துவிடாமல் இருக்க நன்றாகச் சுற்றி வைத்திருக்கிறோம், நாலு மீட்டர் வெள்ளை சாட்டினில்.